அறிகுறி பார்த்து வைத்தியம்: மெஷின் லேர்னிங் லைப்ரரியில் டெஸ்ட் சொதப்பும்போது

நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து ஒரு சின்ன பைதான் லைப்ரரியைப் பார்த்துக்கொள்கிறோம். தமிழ்ச் செய்திகளை வகை பிரிக்கிற வேலை. அடியில் நம்பையும் (எண் கணக்குக்கு) சைக்கிட்-லேர்னும் (மெஷின் லேர்னிங்குக்கு), ஒரு மூலையில் பைடார்ச் (நியூரல் நெட்வொர்க்குக்கு). டெஸ்ட் எல்லாம் பைடெஸ்ட்டில், அதாவது பைதான் டெஸ்ட்களைத் தேடி எடுத்து ஓட்டுகிற கருவியில். புதிதாக ஏதாவது எழுதுகிற நேரத்தைவிட, நேற்று பச்சையாக (பாஸ்) இருந்தது இன்று ஏன் சிவப்பு (ஃபெயில்) என்று தேடுகிற நேரம்தான் அதிகம். அப்படித் தேடித்தேடிக் குறித்து வைத்ததைத்தான் கீழே அறிகுறி வாரியாகக் கொட்டியிருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போங்கள். ஆப்ஷன் பெயர்களை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது முன்னால் இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஃபெயில் ஆனதும் யோசிக்காமல் மறுபடி ஓட்டி, பச்சை வந்ததும் மெர்ஜ் செய்துவிடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். மெஷின் லேர்னிங் என்றாலே கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும் என்று நானும் ரொம்ப நாள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் பார்த்தவரை அந்த "அப்படி இப்படி"க்குப் பின்னால் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது.

"கலெக்டட் ஜீரோ ஐட்டம்ஸ்" என்று வருகிறது

பெயர்ப் பிரச்சினை. பைடெஸ்ட் கோப்பின் பெயரைப் பார்த்துத்தான் உள்ளேயே நுழையும். பெயரின் முன்னாலோ பின்னாலோ "டெஸ்ட்" இருக்க வேண்டும், நடுவில் ஓர் அடிக்கோடு. ஃபங்ஷன் பெயரும் டெஸ்ட் என்று தொடங்க வேண்டும். கிளாஸ் எழுதினால் அதற்குள் இனிட் மெத்தட் வைக்காதீர்கள். வைத்தால் ஓர் எச்சரிக்கையை மட்டும் போட்டுவிட்டு அந்த கிளாஸை முழுதாக ஒதுக்கிவிடும். கலெக்ட்-ஒன்லி ஆப்ஷன் போட்டு ஓட்டினால் எதை எடுத்தது, எதை விட்டது என்று பட்டியல் வந்துவிடும்.

இதிலேயே ஒரு கள்ளத்தனமான வகை உண்டு. பழைய டெஸ்ட்டைக் காப்பியடித்துக் கீழே ஒட்டி, உள்ளே மாற்றிவிட்டுப் பெயரை மாற்ற மறந்துவிடுவோம். பைதானுக்குக் கடைசியாக வந்த பெயர்தான் கணக்கு, மேலே இருப்பது சத்தமில்லாமல் காணாமல் போகும். எண்ணிக்கையில் ஒன்று குறைவதை யார் கவனிக்கப் போகிறார்கள்? ரஃப் மாதிரி ஒரு லின்டரை (நிரலை ஓட்டாமலே பிழை தேடும் கருவி) டெஸ்ட் ஃபோல்டர் மேலும் ஓட்டுங்கள், அது பிடித்துவிடும்.

"இம்போர்ட் ஃபைல் மிஸ்மேட்ச்"

இரண்டு வெவ்வேறு ஃபோல்டரில் ஒரே பெயரில் டெஸ்ட் கோப்பு இருக்கிறது. இரண்டு ஃபோல்டரிலும் காலியான இனிட் கோப்பு வையுங்கள், அல்லது இம்போர்ட் மோடை இம்போர்ட்லிப் என்று மாற்றுங்கள். அவ்வளவுதான்.

நிரலைத் திருத்தியாயிற்று, அதே பிழை அப்படியே வருகிறது

நீங்கள் திருத்திய கோப்பு ஒன்று, டெஸ்ட் ஓடுகிற கோப்பு வேறொன்று. முன்பு எப்போதோ பிப் மூலம் நிறுவிய பிரதி சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டரில் உட்கார்ந்துகொண்டு, "என்னைத்தானே கூப்பிட்டாய்" என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கும். டெஸ்ட்டின் முதல் வரியில் லைப்ரரியை இம்போர்ட் செய்து அது எந்தப் பாதையிலிருந்து வந்தது என்று அச்சிட்டுப் பாருங்கள், பத்து நொடியில் தெரிந்துவிடும். தீர்வு, எடிட்டபிள் முறையில் நிறுவுவது, அதாவது பிரதி எடுக்காமல் உங்கள் ஃபோல்டரையே சுட்டுவது. கூடவே லைப்ரரியை எஸ்ஆர்சி என்ற ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டு டெஸ்ட்டை வெளியே வைத்தால், நிறுவாமலேயே தற்செயலாக இம்போர்ட் ஆகிற குழப்பமும் போகும். பைதான் வழியாக மாட்யூலாக பைடெஸ்ட்டை ஓட்டினால் இப்போது நிற்கிற ஃபோல்டரும் தேடல் பாதையில் சேர்ந்துகொள்ளும், வெறுமனே பைடெஸ்ட் என்று அடித்தால் சேராது. ஒருவருக்கு ஓடுவது இன்னொருவருக்கு ஓடாததற்குப் பல சமயம் இதுவே காரணம்.

சைதான் கோப்புகள் இருந்தால் (பேய் இல்லை, பைதானை சி-யாக மாற்றித் தருகிற கருவி) இன்னொரு சந்தேகமும் படவேண்டும்: திருத்திய பிறகு மறுபடி பில்ட் ஆனதா?

தனியாக ஓட்டினால் பாஸ், எல்லாவற்றோடும் ஓட்டினால் ஃபெயில்

இதுதான் என் தூக்கத்தை அதிகம் கெடுத்தது. ஒரு டெஸ்ட் எதையோ அழுக்காக்கிவிட்டுப் போகிறது, அடுத்து வருவது அதில் வழுக்கி விழுகிறது. விழுந்தவரைப் பிடித்து விசாரித்துப் பயனில்லை.

எங்களுக்கு நடந்தது இது. எல்லா டெஸ்ட்டும் பகிர்ந்துகொள்ள ஒரு ஃபிக்ஸ்சர் (டெஸ்ட்டுக்குத் தேவையானதைத் தயாரித்துக் கொடுக்கிற ஃபங்ஷன்) வைத்திருந்தோம், ஒரு நம்பை அரே (எண்களின் அடுக்கு). ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்க நேரமாகிறது என்று அதற்கு மாட்யூல் ஸ்கோப் (கோப்புக்கு ஒரு முறை மட்டும் உருவாகும்) கொடுத்தேன். ஒரு டெஸ்ட்டுக்குள் சராசரியைக் கழிக்கிற வரி ஒன்று, கழித்து-அதிலேயே-வை என்கிற கழித்தல்-சமம் குறியோடு எழுதப்பட்டிருந்தது. புதிய அரே உருவாகாமல் பழையதே மாறிவிட்டது. அதற்குப் பிறகு ஓடிய ஆறு டெஸ்ட்டுக்கும் சராசரி பூஜ்ஜியமான தரவுதான் கிடைத்தது, அதில் நான்கு அப்போதும் பாஸ்! ஃபெயில் ஆன இரண்டைத் தனியாக ஓட்டினால் பளிச்சென்று பச்சை. இரண்டு மாலை போனது.

கண்டுபிடிக்கிற வழி: ஃபெயில் ஆகிற டெஸ்ட்டுக்கு முன்னால் ஓடுகிறவற்றைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியோடு மட்டும் சேர்த்து ஓட்டுங்கள், எந்தப் பாதியில் விழுகிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். ஆயிரம் டெஸ்ட் இருந்தாலும் பத்துச் சுற்றுக்குள் ஆள் சிக்கிவிடும். இதையே தானாகச் செய்ய டிடெக்ட்-டெஸ்ட்-பொல்யூஷன் என்றொரு கருவியும் இருக்கிறது. தடுக்கிற வழி இன்னும் சுலபம்: பகிரப்படுகிற அரேவின் ரைட்டபிள் ஃப்ளாகைப் பொய் என்று ஆக்கிவிட்டுக் கொடுங்கள். யாராவது கைவைத்தால் அந்த இடத்திலேயே, அந்த வரியிலேயே, "இது படிக்க மட்டும்" என்று பிழை வெடிக்கும். விழுந்தவருக்குப் பதில் தள்ளியவர் மாட்டுவார்.

அரே இல்லையென்றால் வேறு சந்தேக ஆசாமிகள்: பைடார்ச்சின் டிஃபால்ட் டிடைப்பை (எண்ணின் வகை) ஃப்ளோட் 64 ஆக்கிவிட்டுத் திருப்பி வைக்காத டெஸ்ட், த்ரெட் எண்ணிக்கையை மாற்றியது, சூழல் மாறியை நேரடியாக எழுதியது. கடைசி வகைக்கு மங்கிபேட்ச் ஃபிக்ஸ்சரைப் பயன்படுத்துங்கள், டெஸ்ட் முடிந்ததும் அதுவே பழையபடி வைத்துவிடும்.

இன்னொன்று எனக்கே வெகு தாமதமாகத்தான் உறைத்தது. கோப்பின் தலையில், ஃபங்ஷனுக்கு வெளியே, நம்பையின் ரேண்டம் சீடை, அதாவது தற்செயல் எண்வரிசையின் தொடக்க எண்ணை, பூஜ்ஜியம் என்று வைத்திருப்பார்கள். பைடெஸ்ட் முதலில் எல்லாக் கோப்புகளையும் இம்போர்ட் செய்துவிட்டு அப்புறம்தான் ஓட்டத் தொடங்கும். ஆக, எந்தக் கோப்பு கடைசியாக இம்போர்ட் ஆகிறதோ அதன் சீட்தான் நிற்கும், மற்ற எல்லாம் வீண், அதுவும் முதல் டெஸ்ட் தொடங்கும் வரைதான். அந்தக் கோப்பை மட்டும் தனியாக ஓட்டினால் ஓர் எண்வரிசை, மொத்தமாக ஓட்டினால் வேறொன்று. பொதுவான சீடைத் தொடாதீர்கள். டெஸ்ட்டுக்குள்ளேயே தனி ஜெனரேட்டர் உருவாக்கி அதைக் கையில் கொடுங்கள்.

இந்த வகை வியாதி உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க பைடெஸ்ட்-ரேண்டம்லி நல்லது. டெஸ்ட் வரிசையைக் குலுக்கிப் போட்டு ஓட்டும், எந்த எண்ணை வைத்துக் குலுக்கியது என்று தலைப்பிலேயே சொல்லிவிடும், அதே எண்ணைத் திரும்பக் கொடுத்தால் அதே வரிசை. நிறுவிய முதல் நாள் வயிறு கலங்கும். பரவாயில்லை.

பத்துத் தடவைக்கு ஒரு தடவை ஃபெயில்

பெரும்பாலும் "துல்லியம் 0.95-க்கு மேல் இருக்க வேண்டும்" என்கிற மாதிரி டெஸ்ட்டாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐரிஸ் என்கிற பூக்களின் தரவில் மொத்தம் 150 வரிசை, கால் பங்கைச் சோதனைக்கு ஒதுக்கினால் 38. ஒரு பூ தவறினால் 97.4 சதவீதம், இரண்டு தவறினால் 94.7. உங்கள் லைப்ரரியின் தலைவிதியை இரண்டாவது பூ தீர்மானிக்கிறது!

உடனே சீடை 42 என்று வைத்துப் பூசி மெழுகத் தோன்றும். நாங்களும் அதைத்தான் செய்தோம். அது அந்த ஓர் எண்ணுக்கு மட்டும் சரியாக வருகிற டெஸ்ட், வேறு எந்த உத்தரவாதமும் கிடையாது. சைக்கிட்-லேர்ன்காரர்கள் இதற்கு வைத்திருக்கிற ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது: குளோபல் ரேண்டம் சீட் என்று ஒரு ஃபிக்ஸ்சர், சாதாரணமாக 42 தரும், ஆனால் ஒரு சூழல் மாறியை மாற்றினால் 0 முதல் 99 வரை நூறு சீடிலும் ஓடும். டெஸ்ட் எழுதுகிறவர் தன் மெஷினில் நூறையும் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. இதைச் சின்ன லைப்ரரியில் கொண்டுவர ஒரு கான்ஃப்டெஸ்ட் கோப்பில் (எல்லா டெஸ்ட்டுக்கும் பொதுவானவற்றை பைடெஸ்ட் எடுக்கிற இடம்) பத்து வரி போதும்.

நூறில் ஏழு ஃபெயில் என்றால், இப்போது கேள்வி மாறுகிறது: எல்லை ரொம்பக் கறாராக இருக்கிறதா, அல்லது அல்காரிதம் நிஜமாகவே ஏழு தடவை சொதப்புகிறதா? இரண்டாவதும் எங்களுக்கு நடந்திருக்கிறது, ஒரு வகையில் ஒரே ஒரு செய்தி மட்டும் இருந்தால் பூஜ்ஜியத்தால் வகுத்தது. துல்லிய எண்ணை விட்டுவிட்டு வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள். வரிசைகளைக் கலைத்துப் போட்டாலும் கணிப்பு மாறாமல் இருக்கிறதா, சேமித்துத் திரும்ப ஏற்றினால் அதே பதில் வருகிறதா, எட்டு வரித் தரவைக் கொடுத்தால் நெட்வொர்க் அதை மனப்பாடம் செய்து பிழை அளவான லாஸைத் தரைக்குக் கொண்டுவருகிறதா. இவை அதிர்ஷ்டத்தை நம்பி இருப்பதில்லை.

கடைசி இலக்கம் மட்டும் ஒத்துப்போகவில்லை

கணினியில் 0.1, 0.2, 0.3 மூன்றையும் முன்னாலிருந்து கூட்டினால் 0.6000000000000001, பின்னிரண்டை முதலில் கூட்டினால் 0.6. கூட்டுகிற வரிசை மாறினால் விடை மாறும். த்ரெட் எண்ணிக்கை, சிபியு வகை, பிளாஸ் (மேட்ரிக்ஸ் கணக்குகளைச் செய்யும்) லைப்ரரி எது மாறினாலும் அந்த வரிசை மாறலாம். எனவே சமம் என்று கேட்காமல் கிட்டத்தட்ட சமமா என்று கேட்க வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது, "கிட்டத்தட்ட" என்பதற்கு ஒவ்வொரு கருவியும் வேறு அளவு வைத்திருக்கிறது என்பது.

நம்பையின் அசர்ட்-ஆல்குளோஸ் கோடியில் ஒரு பங்கு வித்தியாசத்தைத்தான் பொறுக்கும். ஃப்ளோட் 32-இன் நுண்மையே கோடியில் 1.2 பங்கு. அதாவது ஃப்ளோட் 32 எண் ஒரே ஒரு படி நகர்ந்தாலே ஃபெயில் ஆகக்கூடும். அதுபோக, எதிர்பார்க்கும் விடை பூஜ்ஜியமாக இருந்தால் இந்த விகிதக் கணக்கு உதவாது. பூஜ்ஜியத்தின் எந்தப் பங்கும் பூஜ்ஜியம்தானே. அங்கே ஏடோல் மதிப்பை (எவ்வளவு வித்தியாசம் பரவாயில்லை என்கிற நேரடி அளவு) தனியாகக் கொடுத்தே ஆக வேண்டும், அதன் இயல்பு மதிப்பு பூஜ்ஜியம். பைடார்ச்சின் அசர்ட்-குளோஸ் டிடைப்பைப் பார்த்துத் தானே அளவை மாற்றிக்கொள்ளும்.

வித்தியாசம் மூன்றாவது நான்காவது இலக்கத்திலேயே, அதுவும் ஜிபியுவில் மட்டும் வருகிறதா? டிஎஃப் 32-ஐச் சந்தேகப்படுங்கள். 2020-இல் வந்த ஏ100 முதலான என்விடியா சில்லுகளில் மேட்ரிக்ஸ் பெருக்கலை வேகமாக்க, எண்ணின் பின்னப் பகுதியை 10 பிட்டாகக் குறைத்துக்கொள்கிற முறை இது. பைடார்ச் 1.7 முதல் 1.11 வரை பெருக்கலுக்கு இது தானாகவே போட்டிருந்தது, 1.12-இல் அணைத்தார்கள். ஆனால் கன்வல்யூஷனுக்கு அப்போதும் அணைக்கவில்லை. டெஸ்ட்டில் இரண்டையும் கையால் அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

எண்கள் சரி, குறி மட்டும் தலைகீழ் என்றால் பிசிஏ (தரவின் முக்கியத் திசைகளைக் கண்டுபிடிப்பது) மாதிரி ஏதாவது செய்கிறீர்கள். அது தருகிற திசைக்கு (ஐகன் வெக்டர்) நேரும் எதிரும் இரண்டுமே சரிதான், அல்காரிதத்தைக் குறை சொல்ல முடியாது. குறியை ஒரு விதிப்படி நிலைநிறுத்திவிட்டு ஒப்பிடுங்கள். கிளஸ்டரிங்கில் (தரவைக் குழுக்களாகப் பிரிப்பது) 0 என்பது 1 ஆகவும் 1 என்பது 0 ஆகவும் மாறி வருவதும் இதே கதை, அங்கே குழுவின் எண்ணைப் பார்க்காமல் பிரிவு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கிற அட்ஜஸ்டட் ரேண்ட் ஸ்கோர்.

எந்த விசாரணையும் இல்லாமல் எல்லையை மட்டும் தளர்த்திக்கொண்டே போகாதீர்கள். பத்தாயிரத்தில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்று தளர்த்தின ஒரு டெஸ்ட் எங்களிடம் இருந்தது. கடைசியில் பார்த்தால் ரெகுலரைசேஷன் பதத்தில் ஒரு பாதி விடுபட்டிருந்தது.

ஓடிக்கொண்டே இருக்கிறது, முடியவே இல்லை

முதலில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பைடெஸ்ட் அமைப்புக் கோப்பில் ஃபால்ட்ஹேண்ட்லர் டைம்அவுட் என்று ஒரு மதிப்பு, 120 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் ஒரு டெஸ்ட் இழுத்தால் ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்று கக்கிவிடும். ஃபோர்க் (புராசஸைப் பிரதியெடுப்பது) என்ற சொல் கண்ணில் பட்டால் பாதி விடை வந்துவிட்டது: ஓபன்எம்பி (வேலையைப் பல த்ரெட்டுக்குப் பிரிக்கும் ஏற்பாடு) த்ரெட்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது புராசஸைப் பிரதியெடுத்தால், ஜிசிசியின் ஓபன்எம்பி குழந்தைப் புராசஸில் அப்படியே உறைந்துபோகும். ஸ்பான் முறைக்கு (புராசஸைப் புதிதாகத் தொடங்குவது) மாறுங்கள். குடாவும் (என்விடியா ஜிபியுவை இயக்குவது) ஃபோர்க்கான பிள்ளைக்குள் மறுபடி தொடங்காது, ஆனால் அது பிழைச்செய்தியாவது போடும்.

நிற்கவில்லை, எக்ஸ்டிஸ்ட் (டெஸ்ட்களைப் பல புராசஸில் ஒரே சமயம் ஓட்டுவது) போட்ட பிறகு முன்பைவிட மெதுவாகிவிட்டது என்றால் கூட்ட நெரிசல். எட்டு கோர் மெஷினில் எட்டு வொர்க்கர், ஒவ்வொன்றுக்குள்ளும் பிளாஸ் எட்டு த்ரெட், ஆக 64 பேர் எட்டு நாற்காலிக்கு முட்டிக்கொள்கிறார்கள். ஓஎம்பி நம் த்ரெட்ஸ் சூழல் மாறியை 1 ஆக்குங்கள், நம்பை இம்போர்ட் ஆவதற்கு முன்பே, டெர்மினலிலேயே. "வொர்க்கர்களுக்குள் வெவ்வேறு டெஸ்ட் கலெக்ட் ஆயின" என்று எக்ஸ்டிஸ்ட் புலம்பினால், பாராமெட்ரைஸுக்குள் (ஒரே டெஸ்ட்டைப் பல மதிப்புகளோடு ஓட்டுவது) ஒரு செட்டைக் கொடுத்திருப்பீர்கள். சரங்களின் ஹாஷ் ஒவ்வொரு புராசஸிலும் மாறுவதால் வரிசையும் மாறும். சார்ட் செய்துவிட்டுக் கொடுங்கள்.

என் லேப்டாப்பில் பாஸ், சிஐயில் ஃபெயில்

சிஐ என்பது நிரல் மாறும்போதெல்லாம் டெஸ்ட்டைத் தானாக ஓட்டுகிற சர்வர். அங்கே புராசஸ் வெளியேறும் எண்ணைப் பாருங்கள். 137 என்றால் பெரும்பாலும் நினைவகம் போதாமல் கெர்னல் கொன்றது, டெஸ்ட்டின் மேல் தப்பில்லை. டாக்கருக்குள் (நிரலைத் தனிப்பெட்டியில் ஓட்டுவது) பைடார்ச்சின் டேட்டாலோடர் "பஸ் எரர்" என்று விழுந்தால் பகிர்வு நினைவகம். டாக்கர் இயல்பாகக் கொடுப்பது 64 எம்பிதான், எஸ்ஹெச்எம்-சைஸைக் கூட்டுங்கள்.

டாக்டெஸ்ட் (ஆவணத்தில் எழுதிய உதாரணங்களை ஓட்டிப் பார்ப்பது) மட்டும் கூட்டமாக விழுந்தால் நம்பை பதிப்பைப் பாருங்கள். ஜூன் 2024-இல் வந்த நம்பை 2.0-இல் தனி எண்ணை அச்சிடுகிற விதம் மாறியது. முன்பு வெறும் 3.0 என்று வந்தது இப்போது டிடைப் பெயரோடு வரும். விண்டோஸில் மட்டும் எண்கள் மைனஸில் போகிறது என்றால் அதற்கும் இதே பதிப்புதான் எல்லை. 2.0-க்கு முன் விண்டோஸில் இயல்பான முழு எண் 32 பிட், 50,000-ஐ 50,000-ஆல் பெருக்கினால் 250 கோடி, கொள்ளளவோ சுமார் 214 கோடி.

தமிழ்ச் சொற்கள் உள்ள டெஸ்ட் மட்டும் விழுகிறது

இது எங்கள் சொந்த ஊர்ப் பிரச்சினை. சைக்கிட்-லேர்னின் கவுண்ட்வெக்டரைசரிடம் (சொற்களைப் பிரித்து எண்ணுவது) "வாழ்க" என்று மட்டும் கொடுங்கள், வொக்காபுலரி காலி என்று பிழை வரும். "தமிழ்" கொடுத்தால் அகராதியில் "தம" என்று இருக்கும். "அம்மா" கொடுத்தால் "அம". பைதானின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் சொல்லெழுத்து என்பதற்குள் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் சேராது. அவற்றைக் கண்டதும் சொல் முடிந்துவிட்டது என்று அறுத்துவிடும், இரண்டெழுத்துக்குக் குறைந்த துண்டைத் தூக்கி எறிந்துவிடும். டோக்கன் பேட்டர்னில் தமிழ் யூனிகோடு தொகுதியை முழுதாகக் கொடுங்கள். இந்த மூன்று சொல்லையும் அப்படியே டெஸ்ட்டாகவும் போட்டுவையுங்கள், எங்களிடம் இருக்கிறது.

இரண்டு சரமும் கண்ணுக்கு ஒன்றுபோல இருந்து சமம் இல்லை என்கிறதா? "கொ"வில் உள்ள குறியை ஒரே யூனிகோடு எழுத்தாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாக அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். முதலாவது யுடிஎஃப்-8-இல் 6 பைட், இரண்டாவது 9. உள்ளே வரும்போதே என்எஃப்சி வடிவத்துக்கு (சேர்த்து எழுதும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிடுங்கள். விண்டோஸில் மட்டும் கோப்பு திறக்கும்போதே சிக்கல் என்றால் ஓபன் ஃபங்ஷனுக்கு என்கோடிங் கொடுக்கவில்லை, யுடிஎஃப்-8 என்று எழுதுங்கள்.

எல்லாம் பச்சை, ஆனாலும் பயனர் பிழையோடு வருகிறார்

ஓடவே இல்லையோ என்று பாருங்கள். பைடார்ச் இல்லையென்றால் ஸ்கிப் செய் என்று கோப்பின் தலையில் எழுதியிருப்போம், சிஐயில் யாரோ சார்புப் பட்டியலைத் திருத்தும்போது பைடார்ச் விழுந்திருக்கும், முழுக் கோப்பும் ஸ்கிப், நிறம் பச்சை. ஒற்றைக்கோடு போட்டு ஆர்எஸ் என்று கொடுத்தால் எது, ஏன் ஸ்கிப் ஆனது என்று காரணத்தோடு பட்டியல் போடும். எக்ஸ்ஃபெயில் (ஃபெயில் ஆகும் என்று தெரிந்தே விட்டது) என்று குறித்த டெஸ்ட் திடீரென்று பாஸ் ஆனாலும் ஃபெயில் என்று கத்தாது. எக்ஸ்ஃபெயில் ஸ்ட்ரிக்ட் போட்டால் கத்தும்.

எங்கள் ஜிபியு டெஸ்ட்கள் இப்படித்தான் மாதக்கணக்கில் ஓடாமலே கிடந்தன, சிஐ மெஷினில் ஜிபியுவே இல்லை. இப்போது ஜிபியு இருக்கிற நண்பரின் மெஷினில் வாரம் ஒரு முறை தனியாக ஓடுகிறது. அங்கே "ஜிபியு கட்டாயம்" என்று நாங்களே ஒரு சூழல் மாறி வைத்திருக்கிறோம். அது இருக்கும்போது ஜிபியு கிடைக்கவில்லையென்றால் கான்ஃப்டெஸ்ட் ஸ்கிப் செய்யாது, ஃபெயில் என்று கத்தும். போன வாரம் டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகு கத்தியது.